பனங்குழி ரோட்டில் இல்லாத மலை

ஒப்பந்தப்புள்ளிகளை இப்போதெல்லாம் கணினியே திறந்துவிடுகிறதாம். குறித்த நேரத்தில், யாரும் யார் முகத்தையும் பாராமல், ஒருவரும் ஒரு சொல்லும் உச்சரிக்காமல் அந்தப் பெருங்காரியம் முடிந்துபோகிறதாம். எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்குக் கட்டுரை வாங்க வந்த இளம் பொறியாளர் ஒருவர் இதைச் சொல்லிவிட்டு, “உங்க காலத்துல எப்படி சார்?” என்று கேட்டார்.

“உரக்க வாசிப்போம்,” என்றேன்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாவற்றையும். ஒரு தடவை, பெட்டிக்குள் இல்லாததையும்.”

அவரிடம் அன்று சொன்னதை இங்கே சற்று ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஒழுங்குபடுத்துவது எனக்குப் பிடித்த வேலை. பேசுவது அதனினும் பிடித்த வேலை. முன்னதற்கு அரசு எனக்கு முப்பத்துநான்கு ஆண்டுகள் சம்பளம் கொடுத்தது. பின்னதற்கு ஒரே ஒரு முறை விளக்கம் கேட்டது.

நான் நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்தவன். கல்லூரியில் மூன்றாண்டும் சொற்போர்க் கோப்பை என் அறையில்தான் இருந்தது. ஆதரித்துப் பேசு என்றால் ஆதரிப்பேன், எதிர்த்துப் பேசு என்றால் எதிர்ப்பேன். எதை என்பது எனக்கு இரண்டாம் பட்சம். குரலை எங்கே உயர்த்துவது, எங்கே தாழ்த்துவது, கைதட்டலுக்கு எவ்வளவு இடம் விடுவது, உணர்ச்சி பொங்கும் கட்டத்தில் கண்களை எப்படிக் கூரைக்கு உயர்த்துவது என்பவற்றையெல்லாம் முறையாகப் பயின்றிருந்தேன். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒரே மாநிலமாகி இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்த சமயத்தில், சாலைகளைப் பராமரிக்கும் ஓர் அலுவலகத்தில் தற்காலிகக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதப் பயிற்சியை ஆறு சொற்களில் அடக்கிவிடலாம்: அரக்கு உருக்கினேன், நூல் கட்டினேன், எண் போட்டேன்.

எங்கள் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியர் மகாதேவய்யர். கோட்டைக்குள் அக்கிரகாரத்தில் குடியிருந்தவர். அந்நாளில் சிமென்ட் பர்மிட்டுக்குத்தான் கிடைக்கும். அவரிடமிருந்து சொல் கிடைப்பதும் ஏறக்குறைய அப்படியே. காலையில் “உம்” என்றால் வணக்கம். மாலையில் “உம்” என்றால் வீட்டுக்குப் போகலாம். எதிரே நிற்பவர் பேசியது போதும் என்று தோன்றினால், பேனா மூடியை மெல்லத் திருகத் தொடங்குவார். மூன்றாவது திருகுக்குள் அறையை விட்டு வெளியேறிவிடுவது எங்கள் அலுவலகத்தின் எழுதப்படாத சட்டம்.

டெண்டர் திறக்கும் நாளில் மட்டும் அந்த அறை ஒரு கோயில்போல் ஆகிவிடும். தேக்குப் பெட்டி ஒன்று மேசைமேல் வரும். அதற்கு இரண்டு பூட்டுகள். ஒரு சாவி ஐயரிடம், மற்றது ஹெட்கிளார்க் நாணுபிள்ளையிடம். ஐயர் தமது பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பெட்டியருகே மல்லாத்தி வைப்பார். முள் மூன்றைத் தொடும்வரை எவரும் பெட்டியைத் தொடலாகாது. திறந்தபின் ஒவ்வோர் உறையையும் உயர்த்தி, அரக்கு உடையவில்லை என்பதைக் கூடியிருக்கும் கண்டிராக்டர்களுக்குக் காட்டி, எண் இட்டு, அவர் கையொப்பமிட்ட பிறகே வாசிக்கவேண்டும். கண்டிராக்டர்களுக்கும் தங்கள் முறை ஒன்று உண்டு. டெண்டர் போடும் நாள் காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள். யார் எத்தனை உடைக்கிறார்கள் என்பதைக் கொண்டே, யாருக்கு எந்த வேலையில் எவ்வளவு ஆசை என்று மற்றவர்கள் கணக்கிட்டுவிடுவார்கள்.

அவ்வாண்டு, ஐப்பசியை அங்கே சொல்லும் துலாம் மாதத்துக் காற்றுமழையில் பனங்குழி ரோடு இரண்டு இடங்களில் அறுந்துபோயிற்று. நகரிலிருந்து பதினெட்டு மைலில் உள்ள சிற்றூர் அது. ஊர் இரண்டு உடைப்புகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டது. ஊரோடு சேர்ந்து வேலப்பன் என்பவரின் பஸ்ஸும் அகப்பட்டுக்கொண்டது. சொந்தமாக ஒரே ஒரு பஸ் வைத்து, தாமே ஓட்டி, தாமே டிக்கெட்டும் கொடுத்து வாழ்ந்த மனிதர். நான்கு மாதங்களாக அந்த பஸ் வெளியே வர வழியில்லை. மாசி பிறந்தபோது ரோட்டைச் செப்பனிட ஒதுக்கீடு வந்தது. ஆனால் மார்ச் முடிவதற்குள் ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டால் அந்த ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். பிறகு வைகாசி நடுவில் இடவப்பாதி மழை வந்துவிடும். அதன்பின் பஸ் இன்னும் ஓர் ஆண்டு அங்கேயே நிற்கவேண்டியதுதான். வேலப்பன் இதை நன்கு அறிந்திருந்தார். வாரம் மூன்று நாள் எங்கள் அலுவலக வராந்தாவில் வந்து உட்கார்ந்திருப்பார்.

வழக்கமாக டெண்டர் வாசிப்பவர் நாணுபிள்ளை. பனங்குழி டெண்டர் திறக்கவேண்டிய வாரத்தில் அவர் தம் பற்கள் முழுவதையும் ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்.

“எடோ பிரசங்கீ,” என்றார், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி. “இந்த வாய வெச்சு சதமானக் கணக்கு வாசிச்சா ஆளுக சிரிக்கும். இன்னைக்கி நிங்களு வாசிக்கணும், கேட்டோ?”

கேட்டேன். ஆறு மாதங்களாக அரக்கு உருக்கிய கைக்கு ஒரு மேடை கிடைத்தது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே எல்லோரும் கூடிவிட்டனர். செல்லையா, மீரான்பிள்ளை, தங்கப்பன் என்ற மூன்று கண்டிராக்டர்கள் சுவரோரம் அமர்ந்திருந்தார்கள். மூவருமே தங்கள் உறைகளைப் பெட்டியில் போட்டிருந்தார்கள். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி ஆகட்டும். அதுவரை வேலை பேரைப் படியும்,” என்றார்.

வேலையின் பெயர் ஒன்றரை வரி. அதைப் படித்து முடித்தபின்னும் நான்கரை நிமிடம் மீதி இருந்தது. பயின்ற பேச்சாளன் ஒருவனால் தாங்க முடியாத வெற்றிடம் அது. நான் தொண்டையைச் செருமினேன்.

“பெரியோர்களே! பனங்குழி! அந்தப் பெயரை உச்சரிக்கும்போதே என் நா தழுதழுக்கிறது. அன்று மலை தன் இருக்கையை விட்டு எழுந்து நடந்தது! யானைகளை ஒத்த பாறைகள் உருண்டு வந்து சாலையின் மார்பிலே விழுந்தன! நேற்றுவரை ஓடையாக இருந்தது, இன்று கரை காணாப் பெருவெள்ளம்! அந்தச் சாலையை மீட்கப் புறப்படும் மாவீரன் யார்? உயிருக்கு அஞ்சாதவன்! பொருளிழப்புக்கு அஞ்சாதவன்! அத்தகைய மூவர் இதோ, இந்தச் சுவரோரத்தில்...”

கண்களைக் கூரைக்கு உயர்த்தியிருந்ததால், ஐயர் பேனா மூடியைத் திருகியதை நான் பார்க்கவில்லை. மூன்று திருகு அல்ல, முப்பது திருகு திருகினாராம். மரை தேய்ந்துவிட்டதாகப் பிறகு நாணுபிள்ளை சொன்னார்.

“தம்பி, ஒரு பேப்பர் இருக்கா?” என்று கேட்டார் செல்லையா. என் ஊர்ப்பக்கத்துக்காரர். பேச்சைக் குறித்துக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று பூரித்து, மூவருக்கும் தனித்தனித் தாள் கொடுத்தேன். மூவரும் குனிந்து விறுவிறுவென்று எழுதினார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு ஊக்கமாகக் குறிப்பெடுத்த அவையை நான் கண்டதில்லை.

செல்லையா எழுந்து தாளை ஐயரிடம் நீட்டினார். “அய்யா, எனக்க டெண்டரை நான் திரும்ப எடுக்கேன். எனக்கு நாலு பிள்ளைய இருக்கு.”

“பொருளிழப்புக்கு அஞ்சாதவன்னுல்லா தம்பி சொல்லுதாரு,” என்றார் மீரான்பிள்ளை. “நான் நல்லா அஞ்சுவேன் அய்யா. எனக்கதையும் தந்துருங்கோ.”

தங்கப்பனும் எழுந்தார். தாளை மேசைமேல் வைத்துவிட்டுக் கும்பிட்டார்.

ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றுக்கு இரண்டு நிமிடம். பெட்டி திறப்பதற்குமுன் எழுத்து மூலம் கேட்டால் டெண்டரைத் திரும்பப் பெறலாம் என்பது விதி. “சரி,” என்று மூன்று தாள்களிலும் கையொப்பமிட்டார். முள் மூன்றைத் தொட்டது. பெட்டி திறந்தது. மூன்று உறைகளும் பிரிக்கப்படாமலே உரியவர் கைக்குப் போயின.

அடியில் இன்னோர் உறை கிடந்தது. பழுப்புக் காகிதம், சோற்றுப் பசையால் ஒட்டியது. அரக்கு இல்லை. ஆனால் பெட்டியில் இருப்பது எதுவாயினும் எண் இட்டு, திறந்து, வாசிக்கவேண்டும் என்பதும் விதியே. ஐயர் எண் இட்டார். கையொப்பமிட்டார். “படியும்.”

படித்தேன். இம்முறை கண்களைத் தாளிலேயே வைத்துக்கொண்டேன். “பனங்குழி பஸ் உடமஸ்தன் வேலப்பன் எழுதுவது. இந்தப் பெட்டியில் போட்டால் பெரிய சார் தம் கையாலேயே திறப்பார் என்று கேள்விப்பட்டதால் இதில் போடுகிறேன். என் பஸ் நான்கு மாதமாக உள்ளே கிடக்கிறது. பின் ஸீட்டில் கோழி அடைகாக்கிறது. தயவாகி ரோட்டை உடனே நன்னாக்கித் தரவேணும்.”

“ரேட்?” என்றார் ஐயர்.

“குறிப்பிடப்படவில்லை சார்.”

“டெபாசிட்?”

“கட்டப்படவில்லை சார்.”

“தள்ளும்.”

இவ்வாறாகப் பனங்குழி ரோட்டுக்கு வந்த ஒரே டெண்டர் சட்டப்படி நிராகரிக்கப்பட்டது. வாசலில் நின்றுகொண்டிருந்த வேலப்பன் உள்ளே தலையை நீட்டி, “சாரே, ஞான் தோத்துப்போயோ?” என்று கேட்டார்.

மறுநாள் எனக்கு மெமோ வந்தது: பேசியது ஏன் என்பதற்கு மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும். பதினான்கு பக்கங்களில் தந்தேன். ‘ஒரு பக்கம்’ என்று சிவப்புப் பென்சிலில் எழுதித் திரும்பி வந்தது. ஒரு பக்கமாகச் சுருக்கினேன். ‘ஒரு வரி’ என்று திரும்பி வந்தது. ஒரு மாலை முழுவதும் அறையில் உட்கார்ந்து, என் வாழ்வின் மிகக் கடினமான வாக்கியத்தை எழுதினேன்: “நேரம் இருந்தது, பேசிவிட்டேன்.” அது கோப்பில் ஏறிற்று.

ஆனால் மெமோவா பெரிது? மார்ச் முடிய மூன்று வாரமே இருந்தது. குறுகிய கால அறிவிப்பு ஒன்றை வெளியிட ஐயருக்கு அதிகாரம் உண்டு. இரண்டு டெண்டராவது வரவேண்டும். ஒன்றே ஒன்று வந்தால் மேலிடத்து அனுமதி வேண்டும், அது வருவதற்குள் மார்ச் போய்விடும். புதிய அறிவிப்போடு இடத்தைப் பார்வையிட்ட குறிப்பும் இணைக்கவேண்டியிருந்தது. ஓவர்சியருக்கோ அம்மை. ஐயர் அளவு நாடாவை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார். அவ்வளவுதான் உத்தரவு.

ஒரு சிறு உண்மையை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த நாள்வரை நான் பனங்குழியைப் பார்த்ததே இல்லை.

வேலப்பனும் நானும் நகரத்துப் பஸ் போகும் எல்லைவரை போய், அங்கிருந்து நான்கு மைல் நடந்தோம். முதல் உடைப்பு வந்தது. கலுங்கு என்று அங்கே சொல்லும் சிறு பாலம் ஒன்று விழுந்து கிடந்தது. குறுக்கே பதினெட்டடி. கீழே ஓடிய நீரில் ஒருவர் தம் எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். நீர் எருமையின் முட்டிக்குமேல் வரவில்லை.

“சாரே,” என்றார் வேலப்பன். “மலை எவிடே?”

நான் சுற்றிலும் பார்த்தேன். வயல், வாழை, மரச்சீனிக் கிழங்குத் தோட்டம், மீண்டும் வயல்.

“அன்னைக்கி நடந்து வந்ததாக்கும்னு சொன்னியளே. திரும்பி நடந்து போயோ?”

“வேலப்பன்...”

“இவ்விடத்திலே ஒயரமான சாதனம் ஒண்ணுதான் சாரே. என்னோட பஸ்ஸு.”

பஸ் உண்மையிலேயே கம்பீரமாக நின்றது. எஞ்சின் கெட்டுவிடாமலிருக்க அதை அவர் தினமும் முதல் உடைப்பிலிருந்து இரண்டாம் உடைப்புவரை ஓட்டித் திருப்புவது வழக்கம், ஒன்றேகால் மைல். பெட்ரோலைத் தகரத்தில் தலைச்சுமையாகக் கொண்டு வருவார். ஊரார் ஏறிக்கொள்வார்கள். அன்றும் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறினர். வெற்றிலைக்கட்டோடு ஏறிய ஒருவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். “எங்கயும் இல்ல, போயிட்டு வாறேன்,” என்றார். கடைசி ஸீட்டில் கோழி என்னை ஐயரைப்போலவே பார்த்தது; நான் முன்னே போய் நின்றுகொண்டேன்.

இரண்டாம் உடைப்பில் நாற்பத்திரண்டடி நீளத்துக்கு ரோட்டின் மண் சரிந்திருந்தது. சரிந்த மண் அடுத்த வயலிலேயே குவிந்து கிடந்தது; அள்ளித் திரும்பப் போட்டால் போதும். இரண்டு பர்லாங்கில் கருங்கல் குவாரி. எல்லாவற்றையும் அளந்து, ஒரு பெயரடைகூடச் சேர்க்காமல் எழுதினேன். குறிப்பு அரைப் பக்கம் வந்தது. ஐயர் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

அறிவிப்பு வெளியாயிற்று. ஆனால் டெண்டர் பாரம் வாங்க ஒருவரும் வரவில்லை. மீரான்பிள்ளையைக் கிழக்கேகோட்டையில் மடக்கிக் கேட்டேன்.

“தம்பி,” என்றார் அவர் வாஞ்சையோடு. “அன்னைக்கி மலை இருந்தது. இன்னைக்கி நாப்பத்திரண்டு அடி மண்ணா? அன்னைக்குள்ளது மனசுல இருந்து வந்த பேச்சு. இது பேப்பரு. நான் எதை நம்புவேன், சொல்லு?”

என் பேச்சுத்திறனுக்கு இதைவிட உயர்ந்த பாராட்டு கிடைத்ததில்லை. இதைவிடக் கசந்ததும் இல்லை. மலை இல்லை என்று வாதிட்டேன். வாதிட வாதிட, ஏதோ பெரிதாக மறைக்கிறேன் என்ற எண்ணமே அவர் முகத்தில் வலுத்தது.

செல்லையாவிடம் வேறு விதமாகப் போனேன். “அண்ணாச்சி, வந்து பாருங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“மலை மட்டும் இருந்துதுன்னா, ஒனக்க தலையில ஒரு பாறைய எடுத்து வச்சிட்டுத்தான் வருவேன்,” என்றபடி வந்தார்.

கலுங்கடியில் இறங்கினார். விழுந்த கல்லைப் புரட்டினார். மண்ணை விரலால் நசுக்கினார். நான், “அண்ணாச்சி, இதைக் கவனிச்சீங்களா...” என்று தொடங்கினேன்.

“வாய மூடு தம்பி. எண்ணிக்கிட்டு இருக்கேன்.”

திரும்பும் வழியெல்லாம் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. எனக்கு அது உண்ணாவிரதம்போல் இருந்தது.

டெண்டர் நாள் காலை. செல்லையா எந்த வேலைக்கும் ஒரே தேங்காய் உடைப்பவர். அன்று பழவங்காடியில் பதினொரு தேங்காய்களை வரிசையாக உடைத்தார். மீரான்பிள்ளை தேங்காய் உடைப்பவரல்லர்; ஆனால் எதிர்க்கடையில் சாயா குடித்தபடி, உடைப்பவர்களின் தேங்காயை எண்ணுபவர். பத்தரை மணிக்கு மூச்சிரைக்க எங்கள் அலுவலகத்துக்குள் வந்தார்.

“தம்பி! செல்லையா பதினொண்ணு உடைச்சிட்டாரு! அங்கன என்னதான் இருக்கு?”

என் நாவில் குறைந்தது பன்னிரண்டு வாக்கியங்கள் எழுந்து நின்றன. ஆனால் ஒரு கண்டிராக்டர் பார்த்ததை மற்றொருவரிடம் குமாஸ்தா சொல்லலாகாது. “எல்லாம் நோட்டீஸ்ல இருக்கு அண்ணாச்சி,” என்றேன்.

“வேற?”

“நோட்டீஸ்ல இருக்கு.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “இந்தப் பிள்ளையா வாய் தொறக்க மாட்டேங்கு? அப்போ சங்கதி பெருசுதான்!” என்று அங்கேயே பாரம் வாங்கி, டெபாசிட் கட்டி, உறையை ஒட்டினார். அவர் பெட்டியில் போடுவதைப் பார்த்த தங்கப்பன் தாமும் ஒரு பாரம் வாங்கினார்.

மூன்றுக்கு ஐந்து நிமிடம். வேலையின் பெயரைப் படித்தேன். ஐயர் கடிகாரத்தை வைத்தார். “மணி ஆகட்டும்,” என்றவர், சற்று யோசித்து, “சும்மா,” என்றார். புதுப் பல்செட்டு அணிந்த நாணுபிள்ளை என் பின்னால் வந்து, தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். அந்த ஐந்து நிமிடத்தில் வியர்த்ததுபோல் நான் எந்த மேடையிலும் வியர்த்ததில்லை. மூன்று கண்டிராக்டர்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முள் மூன்றைத் தொட்டது. மூன்று உறைகளையும் காட்டினேன், பிரித்தேன், எண்களை மட்டும் வாசித்தேன். தங்கப்பன், மதிப்பீட்டுத் தொகையே. மீரான்பிள்ளை, மதிப்பீட்டுக்கு நான்கு சதவீதம் குறைவு. செல்லையா, ஏழு சதவீதம் குறைவு. குவாரியைக் கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தானே. வேலை அவருக்குப் போயிற்று. மார்ச்சின் கடைசி வேலைநாளன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வேலப்பன் வராந்தாவில் இருந்தபடியே ஐயரை நோக்கிக் கும்பிட்டார். “உம்,” என்றார் ஐயர்.

இடவம் பிறந்து பத்து நாள் கழித்துக் கலுங்கு தயாராயிற்று. திறப்புக்கு ஐயரும் நானும் போனோம். வானம் கறுத்திருந்தது. ஊரார் மாவிலைத் தோரணம் கட்டி, ஒரு பெஞ்சை மேடையாகப் போட்டிருந்தார்கள். பஸ் கலுங்கின் மறுபக்கம் மாலையோடு காத்திருந்தது, கோழி இறங்கிவிட்டிருந்தது. நான் என்னையறியாமல் பெஞ்சை நோக்கி இரண்டடி வைத்தேன்.

வேலப்பன் குறுக்கே வந்தார். “வேண்டாம் சாரே. மறுபடி மலை வந்துடும். பெரிய சார் ரெண்டு வாக்கு சொல்லட்டும்.”

ஐயர் பெஞ்சின்மேல் ஏறினார். “உம்” என்பதோடு முடியும் என்று நான் நினைத்தேன். அவர் கலுங்கைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“கலுங்குன்னா என்னன்னு நிறையப் பேருக்குத் தெரியறதில்லே,” என்று தொடங்கினார். “அது பாலம் இல்லே. ரோட்டுக்கும் தண்ணிக்கும் நடுவிலே ஒரு உடன்படிக்கை.”

பிறகு நிறுத்தவே இல்லை. நீர் வரும் வேகம், வளைவின் பளு, நடுக்கல்லின் பெருமை, முப்பது ஆண்டில் தாம் கட்டிய கலுங்குகள் ஒவ்வொன்றின் குணம்! கைகூட ஆட்டினார். நாற்பது நிமிடமாயிற்று. முதல் தூறல் விழுந்தது. பெரிய சாரின் பேச்சை நடுவில் விட்டுப் போக ஒருவருக்கும் துணிவில்லை. செல்லையா வாழையிலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டார். வேலப்பன் மழையையும் ஐயரையும் மாறிமாறிப் பார்த்தார். இந்த மழையில் பஸ் இன்னொரு முறை உள்ளே நின்றுவிடுமோ என்ற அச்சம் அவர் முகத்தில் தெரிந்தது. சட்டென்று ஓடிப்போய் எஞ்சினைக் கிளப்பினார்.

ஐயர் ஏழாவது கலுங்கில் இருந்தார். பஸ் கலுங்கின்மேல் ஏறியது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். ஐயர்கூட ஒரு கணம் நிறுத்தி, வளைவையே பார்த்தார். ஒரு கல்லும் அசையவில்லை. பஸ் இந்தப் பக்கம் வந்து நின்றது. ஊரே கூவியது.

“நகரத்துக்குப் போற ஆளுக கேறலாம்!” என்றார் வேலப்பன். ஏழு மாதத்துக்குப் பிறகு.

ஏறினோம். ஐயர் என் அருகில் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கி, எட்டாவது கலுங்கைத் தொடங்கினார். வெளியே மழை கொட்டியது. உள்ளே நெய்யாற்றுப் பக்கம், வாமனபுரம் பக்கம் என்று கலுங்குகள் ஒவ்வொன்றாக வந்தன. நான் வாய் திறக்கவில்லை. திறக்க இடமும் இல்லை.

நகரில், கிழக்கேகோட்டையில் இறங்கியதும் குடையை விரித்தவர், ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் நின்றார்.

“நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனோ?”

“இல்லை சார்,” என்றேன். “பதினெட்டு மைல்தான்.”